மத்திக்கும் மாவுலாவுக்கும் நடுவே

கடலுக்கு வாக்காளர் பட்டியல் போட ஆரம்பித்து நான்காவது ஆண்டில், கனிஷ்கா ஒரு டம்ளரோடு கல்லுமுனைக் குடாவில் வந்து இறங்கினாள்.

டம்ளர் என்பது அவள் கையிலிருந்த கருவிக்கு ஊழியர்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் 'சமுத்திர திவ்ய திருஷ்டி'. அந்தப் பெயரைத் திறப்பு விழாவில் ஒருமுறை உச்சரித்ததோடு சரி. பிறகு யார் நாவும் அந்தப் பக்கம் போகவில்லை. பார்ப்பதற்குக் காப்பிக்கடை டம்ளரை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கடல்நீரை மொண்டு மூடினால், அந்தத் தண்ணீரை உரசிப்போன ஒவ்வொரு உயிரையும் பெயர் சொல்லிவிடும். மீன் உதிர்த்த செதில், நண்டு கழற்றிய ஓடு, கணவாய் விட்ட வழுவழுப்பு என்று எல்லா உயிரும் கடலில் தன் அணுவைக் கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் போகிறது. அதைப் படிப்பதுதான் டம்ளரின் வேலை.

படித்ததை எண்ணுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு குடாவில் முந்நூறு வகை உயிர்கள் குடியிருந்தால் அது 'உயிர்க்கடல்'; யாரும் கை வைக்க முடியாது. ஒன்று குறைந்தாலும் அது 'வெறுந்தண்ணீர்'. யார் வேண்டுமானாலும் எதையும் கொட்டலாம். ஒரு சொட்டில் லட்சக்கணக்கில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மட்டும் வாக்குரிமை இல்லை. அவற்றையும் எண்ணினால் எந்தக் கடலும் வெறுந்தண்ணீர் ஆகாது. பிறகு சட்டம் எதற்கு?

சட்டத்தின் இரண்டாம் பிரிவை எழுதியவர் இயக்குநர் டாக்டர் திரிலோகநாதன். மூன்று உலகங்களுக்கும் நாதன் என்று பெற்றோர் பெயர் வைத்ததை அவர் ஒரு பணி நியமன உத்தரவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். 'ஆழம், அளவு, அந்தஸ்து பாராமல், கடல்நீரில் தன் உயிருள்ள அணுவை விட்டுச்செல்லும் எந்த உயிரும் அக்கடலின் குடியே' என்ற அந்த வாக்கியம் அவர் அறையில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதற்குக் கீழேதான் பார்வையாளர்களை உட்காரவைப்பார்.

அன்று காலையும் தொடக்க விழாவுக்கு அவரே வந்திருந்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். புகைப்படக்காரர் சொன்னபடி இரண்டு கையாலும் நீரை அள்ளி, சூரியனைப் பார்த்து, விரலிடுக்கில் ஒழுகவிட்டார். சரியாக விழவில்லை என்று நான்கு முறை அள்ளினார். பிறகு கரையேறி, மாலை அமைச்சர் வரும் விழாவுக்கு உரை தயார் செய்ய விருந்தினர் மாளிகைக்குப் போய்விட்டார். அவர் நின்ற இடத்திலேயே கனிஷ்கா கையுறை போட்டுக்கொண்டு டம்ளரை முக்கி எடுத்து முத்திரை வைத்தாள். ஒரு குடாவுக்கு ஆண்டுக்கு ஒரு டம்ளர்தான். சரியில்லை என்று மறுபடி மொள்ள முடியாது.

கரையில் பாசி எடுக்கும் பெண்கள் பதினோரு பேர் நின்றார்கள். அப்போதுதான் கடலிலிருந்து ஏறியவர்கள். விரல்களில் துணிச்சுற்று, பாறை குத்தாமல் பாதத்தில் கட்டிய தகடு, இடுப்பில் சொட்டுகிற வலைப்பை. பைக்குள் மரிக்கொழுந்துப் பாசி பச்சையும் பழுப்புமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

டம்ளர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு நானூற்றுப் பன்னிரண்டு என்றது.

கனிஷ்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை சின்னக் குடாவில் இத்தனை உயிரா! பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஊளி, ஓரா, மத்தி, மாவுலா, விளமீன், கிளிமீன், கடல்குதிரை, ஆவுளியா... கட்லா, ரோகு, விரால்.

நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு பேரும் பதினோரு திசையில் பார்த்தார்கள்.

"விரால் கண்மாய் மீனாச்சே. கடலுக்குள்ள எப்படிக்கா வந்துச்சு?" என்றாள் முன்னால் நின்ற நம்புத்தாயிடம்.

நம்புத்தாய்க்கு ஐம்பது இருக்கும். இடது காது கேட்காது. ஆழத்தில் முங்கி முங்கிப் போனது. வலது காதைத் திருப்பிக்கொண்டு, "பஸ்ஸுல வந்துருக்கும் மேடம்" என்றாள்.

பக்கத்தில் நின்ற ராக்குவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொல்லிரு மதினி. எல்லாம் அந்த டம்ளருக்குத் தெரிஞ்சுபோச்சு." அவளே சொல்லிவிட்டாள். "நெறைய வகை இருந்தாத்தான் கடலு நிக்கும்னாக. டவுன் மார்க்கெட்டுல போயி, மீன் கழுவுன தண்ணிய டிரம் டிரம்மா வாங்கியாந்து நேத்து சாயங்காலம் ஊத்துனோம்."

"கள்ள ஓட்டா?"

"ஆமா. ஊருல எலெக்சன்னா செத்தவுக வந்து ஓட்டுப் போடுறாக. மீனு போட்டா மட்டும் குத்தமா?"

கனிஷ்காவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. "செத்த மீனுக்கு இங்க ஓட்டு கிடையாதுக்கா. உயிரோட இருக்கிற உடம்பு விட்ட அணு வேற, கத்தியில அறுபட்ட அணு வேற. டம்ளர் பிரிச்சுடும். அதோட, கண்மாய் மீன் இந்த உப்புல ஒரு பொழுது தாங்காது. உடம்புல உள்ள தண்ணிய எல்லாம் உப்பு வெளியே இழுத்துடும். ஊறுகாய் மாங்கா மாதிரி சுருங்கிடும்."

"அப்ப கடல் மீனு ஏன் ஊறுகாயாகல?"

"அது ஓயாம கடல் தண்ணிய குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிச்ச உப்பை செவுள் வழியா வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். குடிக்கணும், தள்ளணும். நாள் முழுக்க அதான் வேலை."

"நம்ம பொழப்பு மாதிரியேதான்" என்றாள் ராக்கு.

கனிஷ்கா செத்தவற்றை நீக்கச் சொன்னாள். கட்லா போனது, ரோகு போனது, யார் வீட்டுக் குழம்பிலிருந்தோ வந்த கொத்தமல்லியும் கோழியும் போயின. எண் மளமளவென்று இறங்கியது. முந்நூற்றைம்பது, முந்நூற்றிருபது, முந்நூற்றைந்து. பெண்கள் டம்ளரை நெருங்கி வந்தார்கள். கடைசியில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது, செருப்புக் கடையில் விலை ஒட்டியது போல.

"ஒண்ணுதானே கொறையுது?" என்றாள் நம்புத்தாய்.

"ஒண்ணுதான்."

"குறைஞ்சா அந்தக் குழா வந்துருமா?"

குழாய் எதற்கு என்பது கனிஷ்காவுக்குத் தெரியும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வடக்கே தயாராக இருந்தது. அந்தக் குடிநீர் அவளுடைய திருச்சி வீட்டுக் குழாய் வரைக்கும் போகப்போகிறது. குடிக்கிற பக்கம் அவள் இருந்தாள். கழிவு வந்து விழுகிற பக்கம் இவர்கள் இருந்தார்கள்.

"வரும்க்கா. நல்ல தண்ணிய எடுத்துக்கிட்டு மிச்சத்த இங்க விடுவாங்க. இந்தக் கடல்ல கிலோவுக்கு முப்பத்தஞ்சு கிராம் உப்பு. வர்றது அதுல ரெண்டு மடங்கு. ரொம்பக் கனம். மேல மிதக்காது, அலையோட சுலபத்துல கலக்காது. நேரா அடிக்குப் போய் பாய் விரிச்சுப் படுத்துக்கும். அதுக்குக் கீழ பாசி இருக்காது, புல் இருக்காது. அதைத் தின்ன வர்றதும் இருக்காது."

"ஏற்கெனவே பாதிப் பேரு போயிட்டாக. கடலட்டை இருந்துச்சு. மண்ணத் தின்னு மண்ண அலசிப் போடும். அது போனதுலருந்து அடித்தரையில ஒரு வாட." நம்புத்தாய் கடலையே பார்த்தாள். "கனத் தண்ணிய அடியில விடுறேங்குறாக. அடியிலதான மேடம் நாங்க இருக்கோம்."

கைபேசி அடித்தது. திரையில் இயக்குநரின் முகம் வந்தது. பின்னால் யாரோ அவருடைய சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எண் என்னம்மா?"

"இன்னும் சரிபார்க்கிறேன் சார். இருநூத்தித் தொண்ணூத்தொன்பதுல..."

"இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பது முந்நூறு அல்ல!" உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த குரல், இலக்கணம் மாறாமல் வந்தது. "என்னிடம் இரண்டு உரைகள் தயார். ஒன்று உயிர்க்கடல், ஒன்று வெறுந்தண்ணீர். எதை வாசிப்பது என்று மட்டும் சொல்லு. கடலட்டை மாதிரி அங்கேயே படுத்துக் கிடக்காதே."

திரை அணைந்தது. ஆனால் கனிஷ்காவின் காதில் நம்புத்தாயின் வார்த்தைதான் நின்றது. அடியில இருக்கோம். வேலை செய்கிறோம் என்று சொல்லவில்லை, போய் வருகிறோம் என்றும் சொல்லவில்லை. சட்டத்தின் பெயரே இருப்புச் சட்டம்.

நீக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள். செத்த அணுக்கள் ஒரு பக்கம். உயிருள்ளதாக இருந்தும் பழக்கதோஷத்தில் டம்ளர் 'அழுக்கு' என்று தள்ளியவை இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: மனிதன்.

சாக்கடையில் வரும் மனிதன் எப்போதும் செத்த அணுவாகத்தான் வருவான். இது அப்படியல்ல. பாறையில் உரசிய விரல், உப்பில் உரிந்த தோல், மூச்சை அடக்கிக் கீழே போன உடம்பு விட்டது. கடற்காகம் கரையில் கூடு கட்டிவிட்டுக் கடலில் இரை தேடுகிறது. அது பட்டியலில் இருக்கிறது. இவர்கள் கரையில் சமைத்துவிட்டுக் கடலில் இரை தேடுகிறார்கள்.

"அக்கா, உங்களையே எண்ணிட்டா முந்நூறு ஆயிடும்."

"எங்களயா? மீனாவா?"

"கடல்வாழ் உயிரா."

ராக்கு தன் தகட்டுக் காலைத் தூக்கிக் காட்டினாள். "செதிலுகூட இருக்கு மதினி."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கனிஷ்கா மிச்சத்தையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "ஒரு உயிருக்கு ஒரு பட்டியல்தான்க்கா. ஆமை கரையில முட்டை போட்டதைக் காட்டி ரெண்டு இலாகா கணக்கு எழுதுனதுல வந்த விதி. ஒரு வகைக்கு ஒரு ஆள் சாட்சியா இருந்தாப் போதும். ஆனா அந்த ஆளோட பேரு தரைப்பட்டியல்லருந்து தானா அழிஞ்சுடும். ரேஷன் கிடையாது. ஓட்டு கிடையாது. ஆஸ்பத்திரி அட்டை செல்லாது. தெருக்குழாய்ல கட்டைவிரல் வச்சா தண்ணி வராது. அடுத்த வருஷ டம்ளர் வரைக்கும்."

தரை என்பது இத்தனை சாமான்களா என்று யோசிப்பது போல எல்லாரும் நின்றார்கள்.

"எம் பேரப் போடு தாயி" என்றாள் நம்புத்தாய்.

"மதினி, ஒனக்குக் காது ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருக்கு. அட்டை இல்லாட்டி எவன் சேப்பான்? எம் பேரப் போடட்டும்."

"ஒனக்குப் பிள்ளைக இருக்குடி. தண்ணிக்கு வெரலு வைக்க ஆளு வேணாமா?" நம்புத்தாய் கனிஷ்கா பக்கம் திரும்பினாள். "ஒரு காது கேக்குதுல்ல, போதும். கடலுக்குள்ள யாரு வந்து எங்கிட்டப் பேசப் போறா?"

கனிஷ்கா தன் பெயரை நினைத்துப் பார்த்தாள். நினைத்ததும் அம்மாவின் மருந்தும் வீட்டுக் குழாயும் வரிசையாக நினைவில் வந்து நின்றன. கையுறை போட்டிருந்ததால் தன் அணு டம்ளரில் இல்லை என்று தெரிந்தபோது வந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை. குனிந்து, 'மனிதன்' என்ற வரியைத் தொட்டாள். தரைப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சாட்சி உயிர்களின் பெயர்கள் வந்தன. நம்புத்தாய், ராக்கு, மற்ற ஒன்பது பேர்.

அதற்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒரு பெயர்.

கனிஷ்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். "ப. திரிலோகநாதன்."

"அது யாரு? நம்ம ஊருல அப்படி ஆளு இல்லையே" என்றாள் நம்புத்தாய்.

"காலைல தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துனாருல்ல" என்றாள் ராக்கு மெதுவாக. "போட்டோவுக்கு."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தி மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அவ்வளவுதான். பாசிப்பைகள் மணலில் விழுந்தன. ராக்கு உட்கார்ந்தே விட்டாள். நம்புத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம்த்தா. அவருக்கும் வீட்டுல குழா இருக்கும்ல?"

அந்தக் கேள்வி கனிஷ்காவைக் குத்தியது. இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"சார், முந்நூறு ஆயிடுச்சு."

"பிரமாதம்! முதல் உரை. பட்டியலை அனுப்பு, மேடையில் முழுதாக வாசிக்கிறேன்."

"முந்நூறாவது பத்தி ஒரு விவரம் சொல்லணும் சார். உங்களுக்கு..."

"விவரமெல்லாம் உங்கள் மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண் போதும்."

இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். கனிஷ்கா கூப்பிடவில்லை. பன்னிரண்டாவது பெயரையே சாட்சியாகக் குறித்தாள். அனுப்பினாள்.

மாலை விழாவில் டாக்டர் திரிலோகநாதன் முந்நூறு பெயர்களையும் அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இறக்கம் கொடுத்து வாசித்தார். அமைச்சர் தூங்கிவிட்டார். "மத்தி. மனிதன். மாவுலா" என்று வாசித்த இடத்தில் இயக்குநரின் குரல் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கைதட்டலோடு கல்லுமுனைக் குடா உயிர்க்கடல் ஆனது.

திங்கட்கிழமை அலுவலகக் கதவு அவரைப் பார்த்துத் திறக்கவில்லை. கட்டைவிரலை வைத்தார். முகத்தைக் காட்டினார். பதவியைச் சத்தமாகச் சொன்னார். கதவு, 'கடல்வாழ் உயிரினங்கள் பின்வாசல் மீன்தொட்டி வழியாகக் கொண்டுவரப்பட வேண்டும்' என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வாசகத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அவர்தான்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. டம்ளர் தவறு செய்தது என்று நிரூபிக்கலாம்; ஆனால் டம்ளர் தவறே செய்யாது என்று ஒன்பது நாடுகளில் பேசியவர் அவர். அல்லது தன் அணு உயிருள்ளதல்ல என்று எழுதிக் கொடுக்கலாம். இரண்டையும் விசாரிக்கும் குழுவுக்கு அவரே தலைவர். தலைவர் உள்ளே வர முடியாததால் குழு கூடவில்லை.

செய்திகள் கனிஷ்காவுக்குத் துண்டு துண்டாக வந்தன. விழாக்களுக்குக் கூப்பிடுவது நின்றுவிட்டதாம். பெயர்ப்பலகையை யாரோ கழற்றிவிட்டார்களாம். வீட்டுக் குழாய் அவர் விரலுக்குத் தண்ணீர் தராததால், மனைவி தன் பங்கிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறாராம். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவர் மனைவியிடம் "கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்கிறாராம். இதைச் சொன்ன அலுவலக ஓட்டுநர் சிரித்தார். கனிஷ்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே நம்புத்தாய்க்குக் காது ஆபரேஷன் நடந்தது. பாதி கேட்கிறது என்று ராக்கு செய்தி அனுப்பியிருந்தாள். பாதிக் காதையும் பெயர்ப்பலகையையும் தராசில் வைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் கனிஷ்காவுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு டம்ளர் நாள் வந்தது.

விதி எளியது. இந்த ஆண்டு திரிலோகநாதனின் அணு குடாவில் கிடைக்காவிட்டால் அவர் பெயர் தானாகத் தரைக்குத் திரும்பிவிடும். அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டில் சும்மா இருந்தால் போதும். பிறகு 'மனிதன்' என்ற வகைக்குச் சாட்சியாக நிற்க நம்புத்தாய்தான் இருந்தாள்.

அவள் தயாராகவும் இருந்தாள். கரையில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். "ஒரு வருசத்துக்கு வருமா மதினி இது?" என்றாள் ராக்கு. "வார வரைக்கும் வரட்டும்" என்றாள் நம்புத்தாய். காதுக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. கனிஷ்கா கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கடைசி இருக்கையிலிருந்து, இரண்டு கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவிலிருந்து, ஒரு மனிதர் தன்னை உருவிக்கொண்டு இறங்கினார். இளைத்திருந்தார். சால்வை இல்லை. புகைப்படக்காரரும் இல்லை.

நேராகத் தண்ணீர் ஓரம் வந்து, கால்சட்டையைச் சுருட்டினார். "பிரிவு இரண்டு" என்று ஆரம்பித்தார். தொண்டை பழைய சுருதிக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது. "போன வருஷம் எங்க நின்னேன்?"

"அந்தக் கல்லுக்கிட்ட சார்" என்றாள் கனிஷ்கா. "சார், நீங்க வராம இருந்திருந்தா..."

"தெரியும். நான் எழுதின விதிதானே." கடலைப் பார்த்தார். "அந்தப் பட்டியலை அன்னைக்கு வாசிச்சேன். அர்த்தம் தெரியாம வாசிச்சேன். கதவு திறக்காத நாள்ல வேற வேலை இல்லாம மறுபடி உக்காந்து படிச்சேன். ஒவ்வொண்ணும் யாரு, என்ன திங்குது, யாரு அதைத் திங்கிறாங்கன்னு. என் வீட்டுத் தெருவுல இத்தனை பேரை எனக்குத் தெரியாதும்மா."

இறங்கினார். முழங்கால் அளவு போனதும் நின்றார்.

"சார், இன்னும் உள்ள போங்க" என்று நம்புத்தாய் கரையிலிருந்து கத்தினாள். "கால நனைச்சா காக்கா கணக்கு. தல முங்கணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"நின்ன எடத்துலயே குனிங்க. கடல் ஒண்ணும் ஒங்களத் தேடல."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு அலை அவரைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. இருமிக்கொண்டும் துப்பிக்கொண்டும் எழுந்தார். கனிஷ்கா டம்ளரை முக்கினாள். ஈரம் சொட்டச் சொட்ட அவரும், பதினோரு பேரும், டம்ளரைச் சுற்றி நின்றார்கள்.

முந்நூற்றொன்று.

கனிஷ்கா புதிதாக வந்த பெயரைத் தேடினாள். கண்டுபிடித்ததும் நிமிர்ந்தாள். "கடலட்டை சார். திரும்பி வந்துருக்கு."

"அடி ஆத்தே" என்றாள் நம்புத்தாய். மறு நிமிடம் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"சார், இனிமே நீங்க இல்லாமலே முந்நூறு வருது. மனிதன்கிற வரியையே எடுத்துடலாம். நாளைக்கே உங்க பேரு தரைக்கு வந்துடும்."

திரிலோகநாதன் காதிலிருந்த தண்ணீரைத் தட்டினார். கதவு, பெயர்ப்பலகை, மேடை எல்லாம் அந்த முகத்தில் ஒரு சுற்று வந்து போவதைக் கனிஷ்கா பார்த்தாள்.

"கடலட்டை பட்டியல்ல எனக்கு முந்தியா, பிந்தியா?"

"அகர வரிசை சார். உங்களுக்கு முந்தி."

"ம்." சுருட்டிய கால்சட்டையைப் பிழிந்தார். "மண்ணை அலசுறவங்க முந்தி இருக்கிறதுதான் சரி. என் பேரு இருக்கட்டும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடி தொங்கல்ல நிக்கும். தவிர..." வெட்கப்பட்டது போல இருந்தது. "எடுத்துட்டா மத்திக்கும் மாவுலாவுக்கும் நடுவுல ஒரு இடம் காலியாயிடும்."

நம்புத்தாய் போய்த் தன் குடத்தைச் சாய்த்து, எவர்சில்வர் டம்ளர் நிறைய நல்ல தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே குனிந்து உற்றுப் பார்த்தார்.

"எண்ணாதீக சார்" என்றாள் ராக்கு. "இது குடிக்கிற டம்ளரு."